விகடச் சித்திரக்காரருக்குச் சந்தா

2017-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி, தென்காசிப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், கந்துவட்டிக் கொடுமை பொறாது, திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மனைவி மக்களுடன் தீக்குளித்ததை நம்மவர் மறந்திரார். அதிகாரிகளின் பாராமுகத்தைக் கண்டித்துச் சித்திரம் தீட்டிய ஸ்ரீ ஜி. பாலா, நவம்பர் 5-ந் தேதி கைதாகி, மறுநாள் ஜாமீனில் வந்தார். அவர் எந்தப் பத்திரிகையின் சம்பளக்காரருமல்லர்.

ஆயிரக்கணக்கானோர் அச்சித்திரத்தைப் பரப்பிப் புகழ்ந்தனர். நன்று. ஆனால் புகழ்ச்சி உலையில் வேகுமா? முதலாளிக்கும் விளம்பரதாரருக்கும் அஞ்சாத சித்திரம் வேண்டுவோர், அதற்குரிய கூலியைத் தாமே கொடுத்தல் நியாயம்.

வாசகரும் எஜமானராகி விடாரோ எனலாம். ஒரே முதலாளி கோபித்தால் ஜீவனம் போயிற்று. மாதம் 50 ரூபாய் தரும் ஆயிரவரில் பதின்மர் கோபித்து விலகினும் சித்திரக்காரர் பட்டினியாகார்.

'இந்தியா' பத்திரிகையில் விகடச் சித்திரங்களை வெளியிட்டுப் புதுவழி வகுத்த பாரதியார், 1920-ல் நம் கடையத்திலிருந்து, தம் நூல்களை அச்சிட ஆளுக்கு 100 ரூபாய் கடன் வேண்டி நண்பர்களுக்குக் கடிதம் விடுத்தார். எண்ணம் கைகூடவில்லை; 1921-ல் மறைந்தார். 1947-ல் எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்பினோம்!

குற்றாலத்து அருவி சாரற் காலத்தில் ஆர்ப்பரிக்கும். பயிரைக் காப்பதோ சிற்றாற்று நீரைத் தேக்கும் குளம். கைதான நாளின் ஆரவாரம் அருவியை ஒக்கும். மாதந்தோறும் தவறாத சிறு சந்தாவே குளம். அதை இன்றே வெட்டத் தொடங்குவோமாக.