திங்கட்கிழமை நெஞ்சடைப்பு

ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை புளோரூமிலும் கார்டிங்கிலும் நுழையும் தொழிலாளிக்கு நெஞ்சு இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது. செவ்வாய், புதன் ஆனதும் கொஞ்சம் தேவலை. டாக்டரிடம் போனால் முதல் கேள்வி, "பீடி குடிக்கிறாயா?" என்பதுதான்.

பீடி நுரையீரலைக் கெடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பீடி வாரத்தில் ஏழு நாளும் பீடிதானே? திங்கட்கிழமை மட்டும் அதற்கு என்ன விசேஷம்?

இந்தத் திங்கட்கிழமையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் இங்கிலாந்தில் மான்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ரிச்சர்ட் ஷில்லிங். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோய் பழங்கதையாகிவிட்டது என்று பலரும் நம்பியிருந்த 1950-களில், அவர் லங்காஷயர் மில்களுக்குள் போய்த் தொழிலாளிகளையே கேட்டார். எப்போதாவது ஒரு திங்கட்கிழமை நெஞ்சு இறுகுகிறதா, எல்லாத் திங்கட்கிழமையுமா, மற்ற நாட்களிலுமா, நிரந்தரமாகவே மூச்சு போய்விட்டதா? இதை வைத்து நோயைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். தொழிலாளியின் வாய்ச்சொல் விஞ்ஞானமாயிற்று.

முதலாளிகள் விஞ்ஞானத்துக்கு உடனே தலைவணங்கிவிடவில்லை. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலை டாக்டர் பௌஹெய்ஸ் 1960-களில் ஆராய வந்தபோது மில் கேட்டுகள் திறக்கவில்லை. அவர் அட்லாண்டா ஜெயிலுக்குள் ஓடிய பஞ்சாலையில் கைதிகளைப் பரிசோதித்து நோயைக் கண்டார். சுதந்திர மனிதனின் நுரையீரலைப் பார்க்க வழியில்லை, கைதியின் நுரையீரலைப் பார்க்கலாம்! அதன் பிறகும் சட்டம் தானாக வரவில்லை. மூச்சிழந்த தொழிலாளர்கள் 1975-ல் கரோலினா மாகாணங்களில் சங்கமாகத் திரண்டு போராடினார்கள். 1978-ல் நூற்பு வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் தூசி 200 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1981-ல் தோற்றார்கள்.

நம் நாட்டிலும் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் பஞ்சுத் தூசி நோய் இருக்கிறது. அட்டவணையில் இருந்து என்ன பயன்? நோய் என்று எழுதித் தர ஒருவர் வேண்டாமா? இன்று தமிழ்நாட்டு நூல் மில்களில் வேலை செய்பவர்களில் விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் ஏராளம். மில் விடுதியில் தங்கி, ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். பிறகு வரப்பில் நடக்கையில் மூச்சு வாங்கினால் அதை எந்த மில்லின் கணக்கில் எழுதுவது?

வைத்தியக் கல்லூரிகள் ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கின்றன. அவற்றின் ஆராய்ச்சியாளர்கள் மில்லுக்குள் வரட்டும். லீவுக்கு மறுநாள், ஷிப்டுக்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளக்கட்டும். வேலையை விட்டுப் போகும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சோதனையைச் செய்து, முடிவைத் தொழிலாளி கையிலேயே எழுத்தில் கொடுக்கட்டும். மானேஜர் மேஜையில் பூட்டி வைக்கும் ரிப்போர்ட் நமக்கு வேண்டாம். இதை வரும் கோரிக்கை மனுவில் கூலி, போனஸ் கோரிக்கைகளோடு சேர்த்து எழுத வேண்டும் என்று சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.