பம்புசெட்டுக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயமா?

கோவைக்கு மோட்டார் பம்பு வாங்க வரும் விவசாயி முதலில் என்ன கேட்பார்?

"ஏனுங்க, கரண்டு கம்மியா வந்தாலும் தண்ணி எடுக்குங்களா? காயில் கருகாதுங்களா?"

பெயிண்டு பளபளப்பை அவர் பார்ப்பதே இல்லை.

ஆனால் பட்டறைக்குப் பில் போட கம்ப்யூட்டர் வாங்கப் போனால் கதையே வேறு! "ஏ.ஐ. இருக்குதுங்க. நீங்க கேட்டா அதுவே பதில் சொல்லும்" என்கிறார்கள். பாதி பில்லில் நின்று போகாதா என்று கேட்டால் பேச்சு மூச்சு இல்லை.

6 நாள் தவிப்பு

2025 அக்டோபர் 14-ந் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. நன்றாக ஓடுகிற பெட்டியையும் ஓரங்கட்ட வேண்டிய நிலைமை.

அதே நாளில் விண்டோஸ் 11-க்கு ஒரு 'அப்டேட்' வந்தது. கம்ப்யூட்டர் படுத்து விட்டால் எழுப்புவதற்கென்று ஒரு மீட்புத் திரை உண்டு. அந்தத் திரையில் யு.எஸ்.பி. கீபோர்டும் மவுசும் வேலை செய்யாமல் போயின! தீயணைப்பு வண்டியில் தண்ணீர் இல்லாத கதைதான்.

அதைச் சரி செய்யும் அப்டேட் வந்தது 20-ந் தேதி. அன்று தீபாவளி!

85 லட்சம்

2024 ஜூலை 19-ந் தேதி நடந்தது மறந்து விட்டதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட். உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாசை கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த வருடம்தான் திரையில் நடப்பதை எல்லாம் படம் பிடித்து வைக்கும் 'ரீகால்' வசதியை மைக்ரோசாப்ட் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளி வைத்தது. யார் கேட்டார்கள் இதை?

புதுசே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்டேட் போடாமல் இருப்பதும் ஆபத்துதான். 2017-ல் 'வானாகிரை' வைரஸ் வந்தபோது, 2 மாதம் முன்பே வந்த அப்டேட்டைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

ஆகவே பட்டறைக்காரர்களே, கணக்கை முதலில் தனியாக ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பிறகு அப்டேட் போடுங்கள். ஜி.எஸ்.டி. கெடு நாளில் அதில் கை வைக்காதீர்கள்.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அலங்காரம் அப்புறம் இருக்கட்டும். கோவைக்காரன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்:

"நிக்காம ஓடுமுங்களா?"