சிறுவாட்டில் கை வைக்காதே!

"கோழியைப் பற்றி எழுத வந்துவிட்டானே, எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று கேட்பார்கள், தோழர்களே, கேலி பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். கேட்கட்டும்! கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவதாகச் சொன்னானாம் என்று நம் ஊர்க் கிழவி சொல்லுவாள். நாம் வைகுண்டம் காட்ட வந்தவர்கள் அல்லர். கூரைமேல் நிற்கும் கோழியைப் பற்றியே பேசுவோம். அது இடும் முட்டையைப் பற்றிப் பேசுவோம். முட்டை விற்ற காசு யார் மடியில் விழவேண்டும் என்பதைப் பற்றிப் பேசுவோம்.

கோழி வளர்ப்பது யார்? விடியுமுன் பஞ்சாரத்தைத் தூக்கிவிடுகிறவள் யார்? அரிசி புடைத்த நொய்யை வாசலில் இறைத்து, "பா, பா" என்று அழைக்கிறவள் யார்? பருந்து வட்டமிட்டால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவள் யார்? அந்தி சாயும் வேளையில் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தால் வேலிக்கு வேலி தேடுகிறவள் யார்? உன் தாய், தோழனே! உன் துணைவி! உன் தங்கை! நீ ஆலைக்குப் போய்விட்டாய்; கொத்து வேலைக்குப் போய்விட்டாய்; மாலையில் கூட்டத்திற்குப் போய்விட்டாய். கோழியைக் காத்தவள் அவள்.

ஆனால் முட்டையை விற்று மஞ்சள் பையில் முடிந்து, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாளே ஒரு சிறுவாடு, அதன் மேல் கண் வைத்திருப்பது யார்? இந்தக் கேள்விக்கு விடையை நான் எழுத வேண்டாம். அவரவர் நெஞ்சமே எழுதிக்கொள்ளட்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கில்லாத பேச்சு காற்றோடு போகும்.

கொல்லையில் மேய்ந்து திரியும் நம் நாட்டுக் கோழி ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டை இடும். பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்காரும். இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சோடு திரியும் நாளில் முட்டை இல்லை. பண்ணையில் கூண்டுக்குள் அடைபட்ட வெள்ளைக் கோழியோ ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் இடும். அதற்கு வேளாவேளைக்கு அளந்த தீனி, செயற்கை வெளிச்சம், மருந்து, முதலாளியின் முதல் எல்லாம் உண்டு. அதனோடு இதைப் போட்டியிடச் சொல்லாதே.

பத்துக் கோழி என்று வைத்துக்கொள். குறைந்த கணக்காக ஆண்டுக்கு அறுநூறு முட்டை. நூறை அடைக்கு வைத்தால் மிச்சம் ஐந்நூறு. வீட்டுக்கு வாரம் நான்கு எடுத்தால் ஆண்டுக்கு இருநூற்றெட்டு. விற்பதற்கு இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. முட்டை பத்து ரூபாய்க்குப் போனால் 2,920 ரூபாய். அடைக்கு வைத்ததில் பிழைத்து வளர்ந்த சேவல்களைப் பண்டிகை நாளில் விற்றால் அது தனி.

இவ்வளவுதானா என்கிறாயா? இவ்வளவுதான்! மாளிகை கட்ட இது போதாது. பள்ளி திறக்கும் மாதத்தில் நோட்டுப் புத்தகத்துக்குப் போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் ஆட்டோவுக்குப் போதும். வாரத் தவணைக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது, பக்கத்து வீட்டில் கைநீட்டாமல் இருக்கப் போதும். மானத்தோடு வாழ்வதற்கு அந்த நாளில் தேவைப்படுவது அந்த ஐம்பதும் நூறும்தானே!

இதைவிட அதிகமாக எவனாவது சொன்னால் எச்சரிக்கையாக இரு. ஈமுக் கோழியை மறந்துவிட்டாயா? "பணத்தைக் கட்டு, பறவையைத் தருகிறோம், மாதாமாதம் பணம் வீடு தேடி வரும்" என்றார்கள். விளம்பரம் வீதியெல்லாம் முழங்கிற்று. 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் அந்தப் பேரொலி அடங்கியது. பணம் போட்டவர்கள் காவல் நிலைய வாசலில் நின்றார்கள். தீனி போட ஆளில்லாத பறவைகள் பட்டியில் பசியோடு நின்றன. கோழி கோடி தரும் என்பவன், உன் கோழியை அல்ல, உன்னையே உரிக்க வருகிறான்!

அடுத்து, ஆபத்து. சிறுவாட்டின் முதல் பகைவன் வெள்ளைக்கழிச்சல். 1920-களில் இமயமலைப் பக்கத்து இராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் இராணிக்கேட் நோய் என்றும் பெயர். கோடை தொடங்கும்போது வரும். காலையில் ஒரு கோழி தலை தொங்கி நிற்கும். நாலு நாளில் தெருவே காலியாகும். அம்மன் கோபம் என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் மற்றொருவர். கோபமும் இல்லை, கண்ணேறும் இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு நச்சுக் கிருமி. வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுக்க மருந்துண்டு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேள். கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நம் ஊருக்கு எந்த நாளில் வருகிறது என்று விசாரித்து வை. மருந்து பனிக்கட்டியோடு வரவேண்டும். வெயிலில் கிடந்த மருந்து வெறும் தண்ணீர். ஒரு வீட்டார் மட்டும் போட்டால் போதாது, தெருவே போடவேண்டும். செத்த கோழியைக் குப்பையில் வீசாதே, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதை. நோய் கண்ட கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவன், தன் நட்டத்தை அடுத்த ஊர் ஏழையின் தலையில் கட்டுகிறான்.

தோழர்களே, உங்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. சுவரொட்டி ஒட்டத் தெரிந்த கைகள் அல்லவா உங்கள் கைகள்? முகாம் நாளைச் சுவரில் எழுதுங்கள். மருத்துவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று மனு எழுதுங்கள். பத்துக் கோழியைக் காப்பாற்றிக் கொடுத்தவனை அந்தத் தெரு மறக்காது.

அடுத்து, விலை. வீட்டு வாசலுக்கு வருகிற வியாபாரி சொல்லுவது ஒரு விலை. நகரத்துக் கடையில் "அசல் நாட்டு முட்டை" என்று எழுதித் தொங்கவிட்டிருப்பது வேறொரு விலை. இடையிலுள்ள காசு எங்கே போயிற்று? நாமக்கல்லைப் பார். பெரும் பண்ணைக்காரர்களும் ஒரு காலத்தில் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டியவர்கள்தாம். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாயிற்று; விலையைத் தாங்களே அறிவிக்கத் தொடங்கினார்கள். ஆயிரமாயிரம் கோழி வைத்திருப்பவனுக்கே சங்கம் தேவைப்பட்டது என்றால், பத்துக் கோழி வைத்திருப்பவளுக்கு வேண்டாமா? 1989-இல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தெருத்தோறும் இருக்கின்றன. கடன் வாங்கவும் தவணை கட்டவும் கூடுகிற அதே பெண்கள், வாரம் ஒருநாள் முட்டையோடு கூடட்டும். பத்து வீட்டு முட்டை ஒரு கூடையில் சேரட்டும். ஒருத்தி நகரத்துக்குக் கொண்டு போகட்டும். அடுத்த வாரம் இன்னொருத்தி.

கூடையில் பொய் இருக்கக் கூடாது. பண்ணை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி நாட்டு முட்டை என்று விற்கும் கயவர்கள் உண்டு. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. கருவின் மஞ்சள் அது மேய்ந்த கீரையையும் தீனியையும் பொறுத்தது. நிறத்தை வைத்து நியாயம் சொல்ல முடியாது. ஆகவே பழைய முட்டையைக் கலக்காதே. அடையில் கிடந்த கூமுட்டையைக் கலக்காதே. ஐயம் இருந்தால் தண்ணீரில் போட்டுப் பார், மிதப்பதை ஒதுக்கு. ஏழை விற்கும் பொருளில் வாக்கு ஒன்றே முத்திரை.

இனி, தின்பது யார்? பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை உண்டு. வீட்டில் கடைசியாகச் சோறு உண்கிறவளுக்கு? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லுகிறது: தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையால் வாடுகிறார்கள். முட்டை ஒன்றே அதைத் தீர்த்துவிடாது. கீரையும் பயறும் மருந்தும் வேண்டும். ஆனால் ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதை அவள் கையாலேயே எடுத்து, விலைக்கு ஒரு கூடையிலும் விருந்தாளிக்கு ஒரு தட்டிலும் வைத்துவிட்டு, தனக்கு நீராகாரம் ஊற்றிக்கொள்கிறாளே, அது தியாகம் அல்ல. நாம் பழக்கிவைத்த கொடுமை! நான் கணக்கில் எடுத்துவைத்த வாரம் நான்கு முட்டை யாருக்குத் தெரியுமா? இரண்டு உன் துணைவிக்கு, இரண்டு உன் தாய்க்கு. நீ கேட்டால், கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்!

கடைசியாக ஒன்று. கசந்தாலும் சொல்லுவேன்.

1929-இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறிற்று. 1989-இல் அது தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. இந்த வரலாற்றை மேடையில் சொல்லும்போது கைதட்டுகிறோம். தட்டிய அதே கை, வீட்டுக்குப் போனதும் அரிசிப் பானைக்குள் நுழையலாமா? காணியில் பங்கு என்று முழங்கிவிட்டு, கால் காசு முட்டைப் பணத்தைப் பிடுங்கித் தேநீர்க் கடைக்கும் மதுக்கடைக்கும் கொண்டுபோகிறவன் எந்த உரிமையைப் பற்றிப் பேசத் தகுந்தவன்? "குடும்பத்துக்குத்தானே எடுத்தேன்" என்பாய். குடும்பத்துக்கு என்றால் அவளையே கொடுக்கச் சொல். கேட்டு வாங்கு. வாங்கியதைத் திருப்பிக் கொடு. இல்லை என்று அவள் சொன்னால், இல்லை என்றே எடுத்துக்கொள்.

பத்துக் கோழியும் ஒரு பஞ்சாரமும் பெரிய சொத்து அல்ல. ஆனால் நிலமில்லாத வீட்டில், கூலிக்குப் போகும் வீட்டில், ஒரு பெண் "இது என்னுடையது" என்று சொல்லிக்கொள்ள இருப்பது பல வேளைகளில் அது ஒன்றே. ஆகவே, தோழனே, வரும் ஞாயிற்றுக்கிழமை பஞ்சாரத்தின் ஓட்டையைப் பின்னிக் கொடு. மரநாய் நுழையாதபடி கூட்டுக்குக் கதவு போட்டுக் கொடு. கிளிஞ்சலை இடித்து வை, முட்டை ஓடு கெட்டியாகும். தடுப்பூசி நாளில் கோழியைப் பிடித்துக் கொடு. கூரை ஏறிப் பிடிக்க வேண்டியிருந்தால், ஏறு!

பிடித்துக் கொடுத்தபின் கையைக் கழுவிக்கொள். காசை அவள் எண்ணட்டும்.