துளைகளை எண்ணும் அணிகள்

ஒரு வடிவத்தின் துளைகளை எண்ணும் ஹோமாலஜியின் வரையறையைப் பிழையின்றி ஒப்பிக்கும் முதுகலை மாணவர், ஒரு முக்கோணத்திற்கு அதைக் கணக்கிடச் சொன்னால் தயங்கி நிற்பது அரிதன்று. இடத்தியல் பாடத்தோடு ஏ.பி.எல்., ஜே போன்ற அணி நிரல்மொழி ஒன்றையும் கற்பித்தால் இத்தயக்கம் பெரிதும் நீங்கும்.

கென்னத் ஐவர்சன் 1962இல் வெளியிட்ட நூலின் குறியீட்டிலிருந்து பிறந்தது ஏ.பி.எல். குறியீடு சிந்தனைக்குக் கருவி என்பதே 1979ஆம் ஆண்டு டூரிங் விருதுக்காக அவர் ஆற்றிய உரையின் மையக் கருத்து. பின்னர் தோன்றிய ஜே மொழியின் உறுப்புகளுக்கு அவர் பெயர்ச்சொல், வினைச்சொல், வினையடை என இலக்கணப் பெயர்களையே சூட்டினார்.

மூன்று முனைகளும் மூன்று விளிம்புகளும் கொண்ட வெற்று முக்கோணத்தின் எல்லை அணிக்குத் தரம் 2. விளிம்புகளின் எண்ணிக்கையிலிருந்து அதைக் கழித்தால் 1 எஞ்சும், அதுவே துளை. உட்பரப்பை நிரப்பினால் தரம் 1 உடைய இரண்டாம் எல்லை அணி தோன்றும். அதையும் கழிக்கத் துளை மறையும். இவ்விரு அணிகளுக்கிடையே +.× என எழுதினால் விடை பூச்சிய அணி. எல்லைக்கு எல்லை இல்லை என்னும் தேற்றம் கண்முன் நிற்கிறது. ஒவ்வொரு முனையும் தனக்கும் அண்மையது எனக் கொண்ட அண்மை அணியை ∨.∧ கொண்டு மீண்டும் மீண்டும் பெருக்கினால், எம்முனையிலிருந்து எம்முனையை அடையலாம் என்பது புலப்படும். வேற்றுமை உருபு மாறத் தொடரின் பொருள் மாறுவதைப் போன்றது இது.

இச்சிந்தனைக்குத் தமிழகத்தில் ஒரு முன்னோடி உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, கோலங்களை அணி இலக்கணங்களால் விளக்கும் ஆய்வை 1974இல் வெளியிட்டனர். அவர்கள் வகுத்தது நிரல்மொழியன்று, இலக்கணம். ஆயினும் வாசற்கோலத்தை அணியாக எழுதலாம் என்பதை அது காட்டியது. ஒரு சிக்குக் கோலம் எத்தனை மூடிய கோடுகளால் ஆனது என்பது இடத்தியல் வினா. கோட்டை அறுக்காமல் எவ்வளவு வளைத்தாலும் அவ்வெண் மாறாது.

எடுத்துக்காட்டு நிறுவலாகாது; தொடர்ச்சியும் முடிவிலிக் கணங்களும் முடிவுறு அணியில் அடங்கா என்பர். மெய்தான். ஆனால் நிறுவலைத் தேடத் தூண்டுவது கையால் செய்து பார்த்த கணக்கே.

மார்டள்ளி போன்றதோர் ஊரிலிருந்து, வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசி, மைசூருவில் ஆங்கில நூல் வழியே கணிதம் கற்கவரும் மாணவரை எண்ணிப் பார்க்கலாம். வரையறையின் ஆங்கில உரைநடை அவரைத் தடுக்கும் இடத்தில், அணியும் அதன் விடையும் தடுப்பதில்லை. ஜே மொழி கட்டணமின்றிக் கிடைக்கிறது. பாடத்திட்டக் குழுக்கள் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தேர்விலும் ஒரு கணக்கீட்டு வினாவை வைக்க வேண்டும். அம்மாணவரின் தடுமாற்றம் மொழியிலா கணிதத்திலா என்பது அப்போதுதான் ஆசிரியருக்கும் தெரியவரும்.