விருப்புத் தெரிவும் நமது ஊடகங்களும்

2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆந் திகதி, இலங்கையின் தேர்தல் வரலாற்றில் அதற்கு முன்னர் நிகழாத ஒன்று நிகழ்ந்தது. ஜனாதிபதித் தேர்தலில் எந்த வேட்பாளரும் ஐம்பது வீதத்தைத் தாண்டாத காரணத்தால், இரண்டாம் மூன்றாம் விருப்புத் தெரிவுகள் எண்ணப்படும் எனத் தேர்தல் ஆணைக்குழு அறிவித்தது. அதன் பின்னர்தான் நமது தொலைக்காட்சிகளும் இணையத்தளங்களும் விருப்புத் தெரிவு என்றால் என்ன, அது எவ்வாறு எண்ணப்படும் என்று விளக்க முற்பட்டன. வாக்களிப்பு முடிந்து ஏறத்தாழ ஒரு நாள் கழிந்திருந்தது. வாக்காளன் வாக்குச் சாவடிக்குப் போகுமுன் சொல்லியிருக்கவேண்டியதை, அவன் வீடு திரும்பி உறங்கி எழுந்த பிறகு சொன்னார்கள்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்காகச் சில இலக்கங்களைத் தருகிறேன். முதற் சுற்றில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 56 இலட்சத்து 34 ஆயிரத்து 915 வாக்குகள். சஜித் பிரேமதாசவுக்கு 43 இலட்சத்து 63 ஆயிரத்து 35 வாக்குகள். ஏனைய வேட்பாளர்கள் எல்லோருக்குமாகக் கிடைத்தவை 33 இலட்சத்துக்கு மேல். இந்த 33 இலட்சம் சீட்டுகளைத்தான் இரண்டாந் தடவை விரித்துப் பார்த்தார்கள். அவற்றிலிருந்து அநுரவுக்கு 1 இலட்சத்து 5 ஆயிரத்து 264 தெரிவுகளும், சஜித்துக்கு 1 இலட்சத்து 67 ஆயிரத்து 867 தெரிவுகளும் சேர்ந்தன. கூட்டிப் பார்த்தால் 2 இலட்சத்து 73 ஆயிரம். அதாவது நூற்றுக்கு எட்டுச் சீட்டுகள். மிகுதி முப்பது இலட்சத்துக்கும் அதிகமான சீட்டுகளில், எஞ்சி நின்ற இருவரில் யார் மேல் என்ற கேள்விக்குப் பதில் இருக்கவில்லை.

முதற் சுற்றில் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 12 இலட்சத்து 71 ஆயிரத்து 880. அதைப்போல் இரண்டரை மடங்கு சீட்டுகள் பேசாமற் கிடந்தன. அவை பேசியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் வாதிட வரவில்லை, மாறாமலே இருந்திருக்கலாம். வேண்டுமென்றே ஒருவருக்கு மட்டும் வாக்களித்தவர்களும் அந்த முப்பது இலட்சத்துள் நிச்சயமாக இருப்பார்கள். ஆனால் எத்தனை பேர் அறிந்து விட்டார்கள், எத்தனை பேர் அறியாமல் விட்டார்கள் என்பதை இனி எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெருந்தொகையானோர் அறியாமலே விட்டார்கள் என்பது எனது துணிபு. அந்த அறியாமையில் எனது தொழிலுக்குப் பெரும் பங்கு உண்டு.

முறை ஒன்றும் சிதம்பர சக்கரம் அல்ல. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு உருவாக்கிய முறை அது. வாக்காளர் ஒருவர் தமது முதலாம் தெரிவுக்கு 1 என்றும், விரும்பினால் மற்றும் இருவருக்கு 2, 3 என்றும் இலக்கமிடலாம். ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பவர் 1 என்றோ புள்ளடியோ இடலாம். எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லையெனின் முதல் இருவர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்படுவர்; நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அந்த இருவரில் ஒருவருக்கு 2 இருக்கிறதா, அதுவும் இல்லையேல் 3 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவ்வளவுதான். 1982 இலிருந்து எட்டுத் தேர்தல்களில் இதற்குத் தேவை ஏற்படவில்லை. 1988 இல் ரணசிங்க பிரேமதாச 50.43 வீதத்துடனும், 2005 இல் மஹிந்த ராஜபக்ஷ 50.29 வீதத்துடனும் மயிரிழையில் கடந்து சென்றார்கள். தேவை ஏற்படாததால் நாமும் அதை மறந்துவிட்டோம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 2024 இல் மூன்று பலமான வேட்பாளர்கள் களத்தில் நிற்கிறார்கள், ஐம்பது வீதம் எவருக்கும் கைகூடாது போகலாம் என்பது ஆகஸ்ட் மாதமே எல்லோரும் பேசிய விடயம். பத்திரிகைகளின் அரசியற் பத்திகளிலேயே அந்த ஆரூடம் வந்தது. வாக்காளன் செய்யவேண்டியது என்ன என்ற அடுத்த வசனத்தை மட்டும் எழுத மறந்தார்கள்.

வேட்புமனுத் தாக்கல் நடைபெற்ற ஆகஸ்ட் 15 இலிருந்து தேர்தல் நாள் வரை ஐந்து கிழமைகள் இருந்தன. அந்த ஐந்து கிழமைகளில் நாம் என்ன எழுதினோம்? எந்தப் பாராளுமன்ற உறுப்பினர் எந்தப் பக்கம் தாவினார். எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு சனம் வந்தது. யார் யாரை மேடையில் என்ன பெயர் சொல்லி ஏசினார். கூட்டப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஆளில்லா விமானக் கமரா வந்த பிறகு எந்தக் கூட்டமும் சிறிய கூட்டம் இல்லை என்றாகிவிட்டது. கட்சியின் ஊடகப் பிரிவே படத்தை எடுத்து, தலைப்பையும் எழுதி, மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறது. 'அலைகடலெனத் திரண்ட மக்கள்' என்பதைத் தட்டச்சு செய்யும் சிரமங்கூட உதவி ஆசிரியருக்கு இல்லை. நான் செய்தி மேசையில் அமர்ந்த காலத்தில், கூட்டத்துக்கு ஒரு நிருபர் நேரிற் செல்வார்; வந்த பேருந்துகளின் இலக்கத் தகடுகளைப் பார்த்து ஆட்கள் எங்கிருந்து ஏற்றப்பட்டார்கள் என்று சொல்வார். அவை பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அந்த நிருபருக்கும் சாப்பாட்டுப் பொதி கொடுக்கப்பட்டது.

தேர்தலுக்குப் பத்து நாள் அளவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் என்னை அழைத்தார். நாள்தோறும் இரண்டு பத்திரிகைகளை எழுத்துவிடாமல் வாசிப்பவர்.

"தம்பி, சங்குக்கு 1 போட்டிட்டு, 2 எண்டு வேறை ஒராளுக்குப் போட்டால் சங்குக்குப் போட்டது பழுதாகிப் போகுமோ?"

"இல்லை சேர். முதல் வாக்குக்கு ஒரு பழுதும் வராது. சங்கு முதல் இரண்டு இடத்துக்குள்ளை வராட்டில்தான் உங்கடை இரண்டாவது தெரிவைப் பார்ப்பினம்."

"அப்ப ஏன் இதைப் பேப்பரிலை ஒருத்தரும் எழுதேல்லை?"

அதே கேள்வியை நான் அறிந்த செய்தி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "அது ஆணைக்குழுவின்ரை வேலை அண்ணை. அவை விளம்பரம் தந்தால் போடுவம்" என்றார். அவர் பகிடியாகச் சொல்லவில்லை. ஆணைக்குழு தன் பங்குக்கு அறிவித்தல்களை வெளியிட்டது உண்மை. அவை உட்பக்கத்தில், காணி உறுதி தொலைந்த அறிவித்தல்களுக்கு அயலில், சட்ட மொழியில் வந்தன. வாசகனுக்கு விளங்கும் தமிழில் அதை மாற்றி எழுதுவது எவருடைய வேலை?

அந்த ஆசிரியரின் கேள்வியைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். தமிழர் தரப்பில் அந்தத் தேர்தலின் முழு விவாதமும் அதற்குள் அடங்கியிருந்தது. மட்டக்களப்பு மாவட்ட முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். அவருடைய கட்சியான இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு, செப்டெம்பர் 1 ஆந் திகதி வவுனியாவிற் கூடி, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென முடிவெடுத்தது. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. சங்குக்கு வாக்களிப்பது வாக்கை வீணாக்குவது என்று ஒரு சாரார். தென்னிலங்கை வேட்பாளருக்கு வாக்களிப்பது இனத்துக்குச் செய்யும் துரோகம் என்று இன்னொரு சாரார். நமது பத்திரிகைகள் இரு சாராரின் வசைகளையும் ஒரு சொல் குறையாமல் முதற்பக்கத்தில் அச்சிட்டன. ஆனால் இரண்டையும் ஒரே சீட்டிற் செய்ய வாக்குச் சீட்டு இடமளித்திருந்தது! சங்குக்கு 1 இட்டுத் தன் அரசியல் நிலைப்பாட்டைப் பதிந்துவிட்டு, யார் நாட்டை ஆளவேண்டும் என்ற கேள்விக்கு 2 இட்டுப் பதில் சொல்லலாம். இதைச் சுட்டிக்காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. ஓரிருவர் ஞாயிறு பதிப்பின் நடுப்பக்கத்தில் எழுதினார்கள். செய்திப் பக்கங்களுக்கு அது எட்டவில்லை. எட்டியிருந்தால் சண்டையின் பாதி அர்த்தமற்றுப் போயிருக்கும். சண்டை இல்லாவிட்டால் தலைப்புச் செய்திக்கு எங்கே போவது?

அரியநேத்திரனுக்கு 2 இலட்சத்து 26 ஆயிரத்து 343 வாக்குகள் கிடைத்தன. அந்த வாக்காளர்களும், ரணில் விக்கிரமசிங்கவுக்கு வாக்களித்த 22 இலட்சத்து 99 ஆயிரம் பேரும் எஞ்சிய இருவரைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லாதவர்கள் என்று நம்புவதற்கு நான் தயாரில்லை. ரணிலின் வாக்காளர்களும் சஜித்தின் வாக்காளர்களும் 2020 வரை ஒரே ஐக்கிய தேசியக் கட்சிக்கு வாக்களித்து வந்தவர்கள்தானே.

கட்சிகளிடம் இந்த விளக்கத்தை எதிர்பார்க்க முடியாது. எனக்கு அடுத்ததாக இன்னாருக்கு 2 இடுங்கள் என்று எந்த வேட்பாளர் மேடையிற் சொல்வார்? அவர்கள் தமது சின்னத்துக்கு நேரே புள்ளடி இடச் சொன்னார்கள். அது அவர்களுடைய நியாயம். அதையே ஊடகங்களும் திருப்பிச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2023 ஆம் ஆண்டின் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ், அத்தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா வீதம் செலவிடலாம் என வரையறுக்கப்பட்டது. பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் 1 கோடியே 71 இலட்சம் பேர். ஆகவே ஒரு வேட்பாளர் சட்டப்படி 186 கோடி ரூபாவுக்கு மேல் செலவிட முடிந்தது. அதில் ஒரு பெரும் பகுதி விளம்பரமாக ஊடகங்களுக்கே வருகிறது. ஐந்து கிழமை நல்ல வருமானம் தரும் மூன்று கட்சிகளின் விளம்பரங்கள் முழுப்பக்கத்தில் வரும்போது, அதற்கு எதிர்ப்பக்கத்தில் 'ஒருவரோடு நிறுத்தாதீர்கள்' என்ற பொருளில் எழுத எந்த முகாமையாளர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்? எவரும் தடை போட்டதாக நான் சொல்லவில்லை. தடை போடத் தேவையில்லாத அளவுக்கு நாம் பழகிப் போயிருக்கிறோம்.

அச்சத்தால் எழுத முடியாதிருந்த காலத்தையும் நான் அறிவேன். 2010 ஜனவரி 26 ஆந் திகதி தேர்தல். அதற்கு இரண்டு நாள் முன்னதாகப் பத்திரிகையாளரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். அதே தேர்தலில், அரச ஊடகங்களைக் கண்காணிக்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரைத் தேர்தல் ஆணையாளர் தயானந்த திஸாநாயக்க நியமித்தார். உத்தரவுகள் மதிக்கப்படாததால் அந்த நியமனத்தை அவரே மீளப்பெறவும் நேர்ந்தது. அரச ஊடகங்களைப் பற்றி மேற்கொண்டு எழுத எதுவுமில்லை. ஆட்சியில் இருப்பவரின் வீட்டு வானொலி என்று சனங்கள் அவற்றை ஒதுக்கிவைத்து நெடுங்காலமாகிறது. 2010 இல் செய்தி ஆசிரியர் ஒருவர் வாய்மூடி இருந்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. 2024 இல், நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அவ்வாண்டு பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்திருந்த போதிலும், வாக்களிக்கும் முறையை விளக்கி எழுதியதற்காக எவருடைய வாசலிலும் வெள்ளை வான் வந்து நின்றிராது. பயமில்லாத காலத்தில் நமது பக்கங்கள் பயந்த காலத்துப் பக்கங்களைப் போலவே இருந்ததுதான் எனக்குப் பெருத்த ஏமாற்றம்.

இன்னொன்றையும் நாம் காணத் தவறினோம். செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித் முதலாம் இடம், அரியநேத்திரன் இரண்டாம் இடம், ரணில் மூன்றாம் இடம். அநுர நான்காம் இடத்தில் 27 ஆயிரம் வாக்குகளோடு நின்றார். இரண்டு மாதங்கூட ஆகவில்லை. நவம்பர் 14 ஆந் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்று முதலிடம் பிடித்து, ஆறு ஆசனங்களில் மூன்றை வென்றது. தமிழ்ப் பத்திரிகைகள் இதை 'அதிர்ச்சி' என்று எழுதின. யாருக்கு அதிர்ச்சி? வாக்களித்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்காது. வெற்றி பெற்றவரின் பக்கம் சாய்ந்தவர்கள் பலர் என்பது உண்மை. தமிழ்க் கட்சிகள் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றதும் உண்மை. ஆயினும் சந்தையிலும் மினிபஸ்ஸிலும் கிளர்ந்துகொண்டிருந்த சலிப்பை ஐந்து கிழமை பிரசாரத்தில் ஒரு நிருபராவது போய்க் கேட்டு எழுதியிருக்கலாம். நாம் கட்சி அலுவலகங்களின் வாசலில் அறிக்கைக்காகக் காத்திருந்தோம்.

நிராகரிக்கப்பட்ட வாக்குகளின் கதை தனி. 2019 இல் அவை 1 இலட்சத்து 35 ஆயிரம் அளவில் இருந்தன. 2024 இல் 3 இலட்சத்து 300. இரு மடங்குக்கும் மேல். வெறுப்பினாற் சீட்டைக் கிறுக்கியவர்கள் எத்தனை பேர், 1 இடுவதா புள்ளடி இடுவதா என்று குழம்பியவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணும் நிலையங்களில் இருந்த உத்தியோகத்தர்களைக் கேட்டால் ஓரளவு தெரியவரும். அதைக் கேட்டு எழுதும்படி இளம் நிருபர் ஒருவரிடம் சொன்னேன். தேர்தல் முடிந்துவிட்டதே, இனி அது செய்தி இல்லை என்று அவருடைய ஆசிரியபீடத்திற் சொல்லிவிட்டார்களாம்.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று 1994 இலிருந்து வாக்குறுதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2024 இல் வென்றவரின் விஞ்ஞாபனத்திலும் அது இருந்தது. ஒழிக்கப்படாவிட்டால் 2029 இல் மீண்டும் இரண்டடிக்கும் மேல் நீளமான ஒரு சீட்டை வாக்காளரின் கையிற் கொடுப்பார்கள். சீட்டை எப்படி நிரப்புவது, நிரப்பியது எப்படி எண்ணப்படும் என்பதை விளக்க ஒரு படமும் இருநூறு சொற்களும் போதும். வேட்புமனுத் தாக்கலுக்கு அடுத்த நாளிலிருந்து வாரம் ஒரு முறையாவது முதற்பக்கத்தில் அதை வெளியிடுங்கள் என்று ஆசிரியபீட நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்குக்கு 1 இட்டார். அடுத்து யாருக்கு 2 இட்டார் என்று நான் கேட்கவில்லை.