சர்வர் வாடகையைக் குறைக்க ஒரு வழி: பிராசசரை மாற்றுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி "இன்டெல்லா, ஏ.எம்.டி.யா?" என்பதுதான். விலையில் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் அடிப்படையில் இவை இரண்டும் ஒரே குடும்பம். 1978ல் இன்டெல் வெளியிட்ட 8086 சிப்பின் வழியில் வந்த எக்ஸ்86 கட்டமைப்பு இரண்டிலும் உள்ளது. ஒன்றில் ஓடும் புரோகிராம் மற்றதிலும் அப்படியே ஓடும். உண்மையிலேயே வேறு குடும்பத்தைச் சேர்ந்த பிராசசர் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. மொபைல் போனில் உள்ள ஏ.ஆர்.எம். பிராசசரைத்தான் சொல்கிறேன்.

இந்த ஏ.ஆர்.எம். இப்போது பெரிய சர்வர்களிலும் அமர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் நம்மில் பலர் பழக்கத்தினால் எக்ஸ்86 சர்வரையே வாடகைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். இது வீண் செலவு என்பது என் கருத்து.

வாடகை என்றதும் குழம்ப வேண்டாம். கிளவுட் என்பது வேறொன்றுமில்லை. எங்கோ ஒரு மையத்தில் இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதுதான். ஒரு முட்டை வியாபாரியின் வரவு செலவுக் கணக்கு, ஒரு லாரி ஆபீசின் டிரிப் விவரம் என்று எதை வேண்டுமானாலும் அதில் வைத்து, எங்கிருந்தும் பார்க்கலாம். பெரிய நிறுவனங்களின் கட்டணப் பட்டியல் டாலரில் இருக்கும். ரூபாய் சரிந்தால் பில் ஏறும். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் காளப்பநாயக்கன்பட்டியில் லாரி வாங்குகிறவர் யாரும் மைலேஜ் கேட்காமல் முன்பணம் தரமாட்டார். நாமக்கல் மாவட்டமே லாரிக்கு பாடி கட்டிப் பெயர் வாங்கிய ஊர். லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடினால் வருடத்தில் எவ்வளவு மிச்சம் என்று நின்ற இடத்திலேயே கணக்குச் சொல்வார்கள். சர்வர் எடுக்கும்போது மட்டும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அமேசான் தளத்தில் புதிய சர்வர் தொடங்கும்போது, எக்ஸ்86 என்பதே முன்கூட்டித் தேர்வாகி நிற்கும். அதே இடத்தில் ஏ.ஆர்.எம். என்ற வாய்ப்பும் இருக்கிறது. பார்க்காமல் அடுத்த பட்டனைக் கிளிக் செய்துவிடுகிறோம்.

கணக்கைப் பார்ப்போம். அமேசானின் அமெரிக்க வர்ஜினியா மையத்தில் இன்டெல் சிப் கொண்ட எம்5 லார்ஜ் சர்வருக்கு மணிக்கு 9.6 சென்ட். அமேசானின் கிராவிட்டன்2 என்ற ஏ.ஆர்.எம். சிப் கொண்ட எம்6ஜி லார்ஜ் சர்வருக்கு 7.7 சென்ட். இரண்டிலும் 8 ஜிபி மெமரி, இரண்டு பிராசசர்கள் என்றுதான் போட்டிருக்கும். மாதத்திற்கு 730 மணி நேரம் என்று வைத்தால் முதலாவது 70 டாலர், இரண்டாவது 56 டாலர். ஏறக்குறைய 20 சதவீதம் மிச்சம்.

இதில் விளம்பரத்தில் கண்ணில் படாத ஒரு விஷயம் உண்டு. எம்5ல் "இரண்டு பிராசசர்" என்பது உண்மையில் ஒரே கோர்தான். ஒரு அடுப்பில் இரண்டு பேர் மாறி மாறிச் சமைப்பது போல அதை இரண்டாகக் காட்டுகிறார்கள். கிராவிட்டனில் இரண்டு என்றால் இரண்டு முழு கோர்கள். எனவே வேலை நெருக்கும் நேரத்தில் வித்தியாசம் 20 சதவீதத்தை விடக் கூடுதலாகத் தெரியும்.

விலை ஏன் குறைகிறது? ஏ.ஆர்.எம். கட்டளைகள் எளிமையானவை, அதனால் மின்சாரம் குறைவு என்று பலரும் எழுதுகிறார்கள். இது பாதி உண்மை. 1985ல் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் வடிவமைத்த முதல் ஏ.ஆர்.எம். சிப்பைச் சோதித்தபோது, அதற்கு மின் இணைப்பே தரப்படாமல் இருந்தும், மற்ற பாகங்களிலிருந்து கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடியதாம்! மறு பாதி உண்மை வியாபாரம். அன்னபூர்ணா லேப்ஸ் என்ற சிப் வடிவமைப்பு நிறுவனத்தை அமேசான் 2015ல் வாங்கியது. 2018ல் முதல் கிராவிட்டன் வந்தது. சிப்பைத் தானே வடிவமைப்பதால் இன்டெலுக்குப் போகும் லாபம் மிச்சமாகிறது. அதில் ஒரு பங்கை நமக்கு விட்டுக்கொடுத்து நம்மைத் தன் பக்கம் இழுக்கிறது. மைக்ரோசாப்ட் (கோபால்ட்), கூகுள் (ஆக்சியான்) ஆகியவையும் இதே வழியில் வந்துவிட்டன.

நம் நாட்டு உதாரணம் சொமாட்டோ. தகவல்களை அலசும் ட்ரினோ, ட்ரூயிட் ஆகிய புரோகிராம்களை அது கிராவிட்டனுக்கு மாற்றியதில் செலவு 30 சதவீதம் குறைந்து, வேகம் 25 சதவீதம் கூடியது என்று அமேசான் வெளியிட்டுள்ளது. விற்பவரே சொல்லும் கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் மிச்சம் மிச்சம்தான்.

எல்லாரும் உடனே மாற வேண்டுமா? இல்லை. விண்டோஸ் சர்வர் வேண்டுமென்றால் கிராவிட்டனில் வழியில்லை. லினக்ஸில் ஜாவா, பைதான், பி.எச்.பி.யில் எழுதிய புரோகிராம்கள் பெரும்பாலும் சிரமமின்றி ஓடும். சி மொழியில் எழுதியதை மறுபடி கம்பைல் செய்திட வேண்டும். வேறொருவரிடம் வாங்கிய, எக்ஸ்86க்கான ஃபைல் மட்டுமே உள்ள புரோகிராம் என்றால் விட்டுவிடுங்கள். மாதம் சில நூறு ரூபாய்தான் பில் வருகிறது என்றாலும் விட்டுவிடுங்கள். மாற்றித் தருபவரின் ஒரு நாள் கூலி அதை விட அதிகம். இரவில் யாரும் பயன்படுத்தாத சர்வரை நிறுத்தி வைப்பது பிராசசரை மாற்றுவதை விடப் பெரிய மிச்சம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தத் தயக்கம் எதுவும் தேவையில்லை. முதல் நாளே ஏ.ஆர்.எம். தேர்வு செய்திடலாம்.

சர்வருக்குச் சொன்னதை அப்படியே வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பொருத்திவிடாதீர்கள். ஸ்நாப்டிராகன் சிப்புடன் விண்டோஸ் லேப்டாப்கள் கடைகளில் கிடைக்கின்றன. பேட்டரி நன்றாக நிற்கும். பழைய எக்ஸ்86 புரோகிராம்களையும் விண்டோஸ் மொழிமாற்றி ஓட்டிவிடும். ஆனால் டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது. உங்கள் பழைய பிரிண்டருக்கோ, டிஜிட்டல் கையெழுத்திடும் யு.எஸ்.பி. டோக்கனுக்கோ ஏ.ஆர்.எம். டிரைவர் இல்லையென்றால் அது வேலை செய்யாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பகுதிக்குச் சென்று சிஸ்டம் டைப் என்ற வரியைப் பார்த்தால் எந்தக் குடும்பத்து பிராசசர் என்பது தெரியும். டோக்கனையும் பிரிண்டரின் மாடல் எண்ணையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.