வாங்குவதா, செய்வதா?

சென்ற வருஷம் ஆனி மாதத்தில், மழை சற்றே விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் பழைய மாணவன் ஒருவன் குடையும் கையுமாக வந்து சேர்ந்தான். சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் ஜீவனத்துக்காக 1968-ம் வருஷத்தில் அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவனுடைய பாட்டனார் வேலைக்கு அமர்ந்தார். தாயார் இன்றும் கொழுந்து கிள்ளுகிறாள். பையன் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர்.

"ஸார், கோயமுத்தூரில் ஒரு சிறிய மில்லிங் யந்திரம் பழையதாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். இனி அதற்கு வைஸ் வேண்டும், கிளாம்புகள் வேண்டும். வாங்குவதா, நானே செய்துகொள்வதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றான்.

பிழைப்புக்காக வாங்கிய யந்திரம் அல்ல அது, பொழுதுபோக்குக்காக வாங்கியது. நீலகிரி மலை ரயிலைத் தண்டவாளத்தோடு சிறிய உருவில் செய்து பார்க்கவேண்டும் என்பது பள்ளிக்கூட நாள் முதல் அவனுக்குள்ள ஆசை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, பன்னிரண்டு அடிக்கு ஓரடி வீதம் ஏறுகிற பாதையில், தண்டவாளங்களின் மத்தியில் பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு கிடப்பதை நேயர்களில் பலர் பார்த்திருக்கலாம். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி அவை அமைந்திருக்கின்றன. எஞ்சினின் பற்சக்கரம் எப்போதும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றிக்கொண்டே ஏறும். அத்தகைய பற்களை விரலளவுச் சட்டத்தில் வரிசை பிசகாமல் வெட்டுவதற்கே அவனுக்கு அந்த யந்திரம் தேவைப்பட்டது.

இதன் தத்துவம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நன்றாய்த் தெரிந்ததுதான். அம்மி ஆடினால் துவையல் மசியுமா? மில்லிங் யந்திரத்தில் கட்டர் என்னும் பல் வைத்த உளி நின்ற இடத்திலேயே சுழலும். இரும்புத் துண்டு மேசையின்மேல் அமர்ந்து அதன் கீழே நகரும். கட்டர் எவ்வளவு கூர்மையாயிருந்தாலும், துண்டு மயிரிழை அசைந்தால் காரியம் கெட்டது. ஆகவே, துண்டை இறுகப் பிடித்துக்கொடுக்கும் சாதனங்கள் இல்லாவிட்டால் யந்திரம் வெறும் அலங்காரப் பொருளே. அவையெல்லாவற்றையும் கடையில் வாங்குவதானால் யந்திரத்தின் விலையில் பாதி ஆகிவிடும். தாயாரின் சேமிப்பில் மிச்சமோ அதிகமில்லை.

நான் யோசிக்கவே இல்லை. "கை இருக்கக் கடைக்குப் போவானேன்? எல்லாவற்றையும் நீயே செய், தம்பி! அதுதான் சுதேசியம்" என்று ஒரு சிறு பிரசங்கம் செய்து அனுப்பினேன். பிரசங்கத்துக்குச் செலவு இல்லை அல்லவா?

பையன் இரண்டு மாத காலம் இரவெல்லாம் கண் விழித்து அறுத்தான், அரத்தினால் ராவினான், துளையிட்டான். வைஸ் பார்வைக்கு லட்சணமாய்த்தான் இருந்தது. முதல் நாள் பல் வெட்டும்போது சட்டம் தாடைகளிலிருந்து மேலே எழும்பிற்று. கட்டர் முறிந்தது. சட்டம் அவன் காதோரமாய்ப் பறந்து தகரச் சுவரில் மோதி விழுந்தது. நாலு விரற்கடை இப்பால் வந்திருந்தால் கண் போயிருக்கும். அவன் என்னை ஒரு குறையும் சொல்லவில்லை. அவனுடைய தாயார் மட்டும், "ஏதோ சாமி புண்ணியம், வாத்தியாரய்யா" என்றாள். அந்த வார்த்தை பிரம்படியைக் காட்டிலும் எனக்கு வலித்தது.

பிறகுதான் அவனும் நானும் உட்கார்ந்து காரணத்தை ஆராய்ந்தோம். வைஸில் திருகு கீழே நின்று தாடையைத் தள்ளுகிறது. துண்டு மேலே நின்று எதிர்க்கிறது. ஆகையால் நகரும் தாடை சற்றே நிமிர்ந்து, துண்டையும் தன்னோடு தூக்கப் பார்க்கும். அதைத் தடுக்க, தாடை நகரும் பாதை இம்மியும் இடைவெளியின்றி அமைந்திருக்க வேண்டும். அசையாத தாடை அடித்தளத்துக்குச் செங்குத்தாய் நிற்க வேண்டும். அதிலுள்ள கோணல், அதில் பிடித்து வெட்டும் ஒவ்வொரு பொருளிலும் படிந்துவிடும். இந்த நேர்த்தியை எளிதில் உண்டாக்க வேண்டுமானால் நல்ல வைஸ் ஒன்று முன்னதாகவே கையில் இருக்க வேண்டும்! இல்லாவிட்டால், சுரண்டிச் சுரண்டி மட்டம் பார்ப்பதில் வெகுகாலப் பழக்கம் வேண்டும். அவனிடம் இரண்டும் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் வாங்கிவிடலாமா? அதற்கும் எங்கள் பக்கத்தில் ஒரு பாடம் உண்டு. 1880-ம் வருஷத்தை ஒட்டி, பந்தலூர், தேவாலா மலைகளில் பொன் விளைகிறதென்று லண்டனில் கம்பெனிகள் பல கிளம்பின. பாறையில் எவ்வளவு பொன் தேறும் என்று நிச்சயமாய்த் தெரியுமுன்பே கல் இடிக்கும் யந்திரங்கள் கப்பலேறி வந்தன. சில வருஷங்களுக்குள் கம்பெனிகள் படுத்துவிட்டன. யந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன. வேலை இன்னதென்று அறியுமுன் கருவி வாங்கினால் கதி இதுதான்.

ஆகவே, வைஸ் ஒன்றை மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கிவிடுவது, மற்றவற்றைச் செய்துகொள்வது என்று முடிவு செய்தோம். அந்த மற்றவற்றில் எத்தனை நுட்பம்! துண்டைக் கிடத்த ஒரே உயரமுள்ள இரும்புப் பட்டைகள் இரண்டு வேண்டும். அவை இத்தனை அங்குலந்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இரண்டும் சமமாயிருந்தால் போதும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டத்தில் சீவினால் சமம் தானே வந்துவிடும்.

கிளாம்பு என்பது ஒரு பட்டையும் ஒரு போல்ட்டுமே. ஆனால் போல்ட் துண்டுக்குச் சமீபத்திலும், மறுமுனையைத் தாங்கும் கட்டைக்குத் தூரத்திலும் இருக்க வேண்டும். கட்டை துண்டைவிடத் துளி உயர்ந்திருக்கலாம், தாழ்ந்திருக்கவே கூடாது. இதை மாற்றிச் செய்தால் அழுத்தமெல்லாம் கட்டைக்குப் போய்விடும், துண்டு நழுவும்.

மேசைக் காடியில் நுழையும் நட்டில் மரையை அடிவரை வெட்டலாகாது. வெட்டினால் போல்ட் அடியில் முட்டி நட்டை மேலே நெம்பும். வார்ப்பிரும்புக் காடியின் உதடு விண்டுபோகும். இன்னொன்று: வைஸின் எஃகுத் தாடைகளைக் கழற்றிவிட்டு அலுமினியத் தாடைகளைப் பூட்டி, அவற்றைத் தன் யந்திரத்திலேயே வேண்டிய வடிவத்துக்குச் சீவிக்கொள்ளலாம். பூட்டிய இடத்திலேயே சீவுவதால் அவை அந்த யந்திரத்தின் ஓட்டத்துக்கு நேராக அமையும். இதை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

"சுதேசியம் என்னவாயிற்று?" என்று நேயர்கள் கேட்கலாம். பையன் செய்ய விரும்பிய எஞ்சினே அதற்கு விடை சொல்லும். மலை ரயிலின் 'எக்ஸ்' ரக எஞ்சின்கள் 1914-ம் வருஷம் முதல் ஸ்விட்ஸர்லாந்தில் வின்டர்தூர் நகரத்தில் செய்யப்பட்டு, விலைக்கு வாங்கப்பட்டு வந்தவை. நம்மவர்கள் அவற்றை ஓட்டினார்கள், பிரித்தார்கள், தேய்ந்ததை மாற்றிப் பூட்டினார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய பிறகு, 2011-ம் வருஷத்தில் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையிலேயே அதே ரகத்தில் புதிய நீராவி எஞ்சின் பிறந்தது. வாங்கியதனால் நம் கௌரவம் குறைந்துவிடவில்லை. வாங்கியதோடு நின்றிருந்தால்தான் குறைந்திருக்கும். நானோ, நூறு வருஷத்துப் பழக்கத்தை இரண்டு மாதத்தில் முடிக்கும்படி ஓர் இளைஞனிடம் சொல்லியிருந்தேன்.

ஒரு மாதச் சம்பளம் வைஸுக்குப் போயிற்று. சென்ற தை மாதத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாண் நீளத்துக்குப் பற்சட்டம் இரண்டு, பல்லும் பள்ளமும் மாறி மாறி, அழகாய்ப் பொருந்தியிருந்தன. எங்கள் ஊர் ஈரத்தில் இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும் என்பதால் தாயார் அவற்றுக்குத் தினமும் எண்ணெய் தடவி வைக்கிறாளாம். முறிந்த கட்டரும் அலமாரியில் இருந்தது. "அதை ஏன் எறியவில்லை?" என்று நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் யாரேனும் யோசனை கேட்டு வந்தால், உடனே பிரசங்கத்தைத் தொடங்குவதில்லை. "முதலில் வேலை என்னவென்று சொல், தம்பி" என்கிறேன்.